பல்கீஸ் சேர்த்த வசனங்கள்

"நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை ஐயா. இந்தக் கதிரையில இருங்க. டீவிப் பெட்டி சொல்றதையும் கேளுங்க, என்ட மனுசி சொல்றதையும் கேளுங்க. எங்கெங்க சொந்தமாச் சேக்கிறா எண்டு குறிச்சுத் தந்தாப் போதும்" என்றார் கலீலுர் றஹ்மான்.

யோகலிங்கம் ஐயா பென்சிலோடு உட்கார்ந்தார். திருகோணமலைத் துறைமுகம் வெள்ளைக்காரர் கையில் இருந்த காலத்தில், கடற்படைக் கந்தோரில் இங்கிலீசில் கடிதம் எழுதியவர். அந்த ஒழுங்கையில் இங்கிலீஸ் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதில் ஒழுங்கைக்கும் சந்தேகமில்லை, அவருக்கும் சந்தேகமில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டில் ஒழுங்கைக்கு இருந்த ஒரே டீவி றஹ்மான் வீட்டு டீவி. குவைத்திலிருந்து மச்சான் அனுப்பியது. சனிக்கிழமை பின்னேரம் அதில் ஒரு கார்ட்டூன் குடும்பம் வரும். கோட்டுப் படமாகக் கீறின புருசன், கீறின மனுசி, கீறின மாமியார். பேச்செல்லாம் இங்கிலீஸ். முதல் கிழமை ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் கிழமை றஹ்மானின் மனைவி பல்கீஸ், படத்தில் வாய் அசைய அசையத் தமிழில் பேசத் தொடங்கினாள். புருசனுக்குக் கட்டைக் குரல், மாமியாருக்கு மூக்கால் ஒரு குரல். அன்றிலிருந்து முற்றத்தில் பாய் போதவில்லை. படத்தைப் பார்த்தே என்ன மாதிரிக் கட்டிச் சொல்கிறாள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

றஹ்மான் மட்டும் மெச்சவில்லை.

"உமக்கு இதில என்ன குறை தம்பி?" என்று ஐயா கேட்டார்.

"இவ என்னையெல்லோ கதையாக்கிறா. போன கிழமை அந்த மனுசன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சவரம் எடுக்கிறான். படத்தில அவ்வளவுதான். இவ என்ன சொன்னவ தெரியுமா? அவன் தன்ட இஞ்சினியரைக் கண்ணாடியைப் பாத்து ஏசுறானாம். பிறகு மனுசிட்ட வந்து, அவன்ட முகத்துக்கு நேரயே சொன்னனான் எண்டு அளக்கிறானாம்."

"அதுக்கென்ன?"

"அது நான்."

வாங்குகளிலும் பாய்களிலும் இருந்தவர்கள் றஹ்மானின் பக்கம் திரும்பினார்கள்.

"அதுக்கு முதல் கிழமை, கரப்பத்தானைக் கண்டு கதிரையில ஏறி நிக்கிறான். ஏன் ஏறினீங்கள் எண்டு மனுசி கேட்டா, முகட்டில ஒட்டறை பாக்கிறன் எண்டு சொல்றானாம். அதுவும் நான்."

முன் வாங்கில் இருந்த சின்னராசா இருமினான். துறைமுகத்தில் றஹ்மானோடு வேலை செய்பவன். அங்கே அறுபதடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிற றஹ்மானை அவன் ஒரு மாதிரிப் பார்த்தான்.

"மாமியார் வாறா எண்டதும் அவனுக்குக் காய்ச்சல். ஆனா உண்மையில காய்ச்சல் இல்லையாம். அதுவும்..."

"நீர்தான்" என்றார் ஐயா.

"ஓம். மூதூர் மாமி லோஞ்சுப் படகில வந்தண்டைக்கு."

"என்ட உம்மா வந்தண்டைக்கு உங்களுக்குக் காய்ச்சல் இல்லையா?" என்றாள் பல்கீஸ். "மூண்டு நாள் மல்லித் தண்ணி அவிச்சுத் தந்தனானே."

"பாருங்க ஐயா நடிப்பை. ஒரு வசனம் இவ சேத்தது எண்டு நீங்கள் சொன்னாலும் காணும், இண்டையோட இவட வாய்க்குப் பூட்டு."

பக்கத்து வீட்டு ஜெமீலா பொறுக்கவில்லை. "றஹ்மான் நானா, கிழமையில ஒரு நாள்தான் இஞ்ச வந்து வயிறு நோகச் சிரிக்கிறம். அதையும் பூட்டப் போறீங்களோ?"

"ஆரைப் பாத்துச் சிரிக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ?"

படம் தொடங்கியது. கீறின புருசன் பெரிய மீன் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"நானே பிடிச்சனான். ரெண்டு மணித்தியாலம் என்னோட சண்டை பிடிச்சது" என்றது பல்கீஸின் கட்டைக் குரல்.

"ஓம் ஓம். அந்தக் களைப்பிலதான் கடைக்காரன்ட கடதாசியைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கு" என்றது அவளுடைய மனுசிக் குரல்.

முற்றம் குலுங்கியது. றஹ்மான் ஐயாவின் காதருகே குனிந்து, "இதுவும் நான்தான்" என்று ரகசியம் சொன்னார். கிரேனிலிருந்து கீழே கத்திப் பழகிய குரல். ரகசியம் ஒழுங்கை முடிவு வரை போனது.

ஐயா சிரிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி இருந்து, பென்சிலால் இரண்டு கோடு மட்டும் போட்டார். அந்த இரண்டு கோட்டையும் பார்த்ததில் றஹ்மானுக்குப் படம் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை.

"எத்தினை இடம் ஐயா?"

"ரெண்டு."

"கேட்டீங்களா? ரெண்டு இடத்தில சொந்தமாச் சேத்திருக்கிறா!" றஹ்மான் முற்றத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"சேக்கயில்லைத் தம்பி, விட்டிட்டா. அந்த மனுசி புருசனை ஏசினதில ரெண்டு வசனம், சின்னப் பிள்ளையளுக்கு முன்னால சொல்ல ஏலாது. மற்றதெல்லாம் பெட்டி சொன்னது, சொல்லுக்குச் சொல்." ஐயா பல்கீஸின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, எங்க படிச்சனீர் இந்த இங்கிலீஸ்?"

"வாப்பா நேவித் துரை வீட்டில குசினிச் சமையல்காரன் ஐயா. துரையின்ட பிள்ளையளோட விளையாடித்தான் வளந்தனான்."

"எனக்கு ஒரு நாளும் சொல்லயில்லையே" என்றார் றஹ்மான்.

"நீங்கள் ஒரு நாளும் கேக்கயில்லையே."

சின்னராசா மெதுவாக எழுந்து, ஒரு கதிரையைத் துடைத்து றஹ்மானுக்கு முன்னால் மரியாதையோடு வைத்தான்.

"இருங்க நானா. இவ்வளவு நாளும் நாங்கள் அந்தக் கீறின மனுசனைப் பாத்துத்தான் சிரிச்சனாங்கள். அது முழுக்க நீங்கள்தான் எண்டு, சத்தியமா, இண்டைக்கு உங்கட வாயாலதான் தெரியும்."