விடாத பிரேக்

"பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா இதுதான் நடக்கும்!"

காரை விட்டு இறங்கும்போதே ஆத்மநாதன் கத்தினார். வலது கையில் மாவுக்கட்டு. டிரைவர் சீட்டிலிருந்து அவர் மனைவி சிவரஞ்சனி இறங்கி, ஓரமாக நின்றாள்.

குடுமியான்மலை ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மதுரைவீரன் மூக்கைச் சுளித்தான். பின்சக்கரத்திலிருந்து கருகின வாடை.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஓட்டியிருக்கா தம்பி! கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனோம். இவ ஓட்டுற லட்சணத்துக்கு இன்னொரு கட்டும் போட்டுக்கிட்டுத்தான் வரணும்போல."

பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மதுரைவீரனுக்கும் சிரிப்பு வந்தது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்!

காருக்குள் எட்டிப் பார்த்தான். ஹேண்ட் பிரேக் கீழே இறங்கித்தான் இருந்தது.

"எடுத்துத்தாண்ணே இருக்கு."

"இங்க வந்ததும் எடுத்திருப்பா. கெட்டிக்காரி!"

ஜாக்கி போட்டுத் தூக்கினான். இடது பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தான். அசையவில்லை. அடியில் படுத்து, சக்கரத்துப் பக்கம் பிரேக் கேபிளைக் கழற்றினான். இப்போது தட்டியதும் சக்கரம் சுற்றியது.

"கேபிள் உறைக்குள்ளயே துருப் புடிச்சு இறுகிப் போச்சுண்ணே. லிவரை இறக்குனாலும் அங்கிட்டு பிரேக் விடாது. அக்கா மேல தப்பில்ல."

"அவளுக்கு நீ வக்காலத்தா? வேற வழியில்லாம இன்னைக்கு ஒரு நாள் குடுத்தேன். ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டா. இனிமே ஸ்டியரிங்கைத் தொடட்டும், பேசிக்கிறேன்!"

"ஒரு நாள்ல துருப் புடிக்காதுண்ணே. இது ஓட்டிக் கெட்டதே இல்ல. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மழையில மாசக்கணக்கா நிறுத்தி வச்சாத்தான் இப்படி இறுகும். எம்புட்டு நாளா வண்டிய எடுக்கல?"

ஆத்மநாதன் தொண்டையைச் செருமினார்.

"அது... பெட்ரோல் விக்கிற வெலையில, பைக்கே போதும்னு..."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வாயில் வைக்க மறந்து பார்த்தார்கள். மதுரைவீரன் சிவரஞ்சனியின் பக்கம் திரும்பினான்.

"எப்பலேர்ந்துக்கா நிக்குது?"

வந்ததிலிருந்து வாய் திறக்காதவள் இப்போதுதான் பேசினாள்.

"எட்டு மாசமா நிக்குது தம்பி. எனக்கு லைசென்ஸ் வந்த மறுநாள்லேர்ந்து."