கம்பவுண்டருக்குக் கேட்காத சத்தம்

“மதினி, மனசைத் திடப்படுத்திக்கிடுங்க. அண்ணாச்சி நெஞ்சில துடிப்பே இல்லன்னு கம்பவுண்டர் சொல்லுதாரு,” என்றார் தில்லைநாயகம்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் குற்றால சீசன். வாசுதேவநல்லூர் ஆவுடைநாயகம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றவர், அப்படியே மடங்கி விழுந்துவிட்டார். நாலு பேர் தூக்கி வந்து முதலுதவிக் கொட்டகையில் கிடத்தினார்கள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். இருந்தது கம்பவுண்டர் சொரிமுத்து மட்டும்.

சொரிமுத்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியது அன்றுதான் முதல் தடவை. டாக்டர் எங்கே வைப்பார் என்று பத்து வருஷமாகப் பார்த்து வைத்திருந்தார். இடது மார்பில் அதே இடத்தில் வைத்தார். சத்தமே இல்லை. கையைப் பிடித்தார். ஜில்லிட்டுக் கிடந்தது, நாடி பிடித்துப் பழகாத விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆவுடைநாயகத்தின் மனைவி குழல்வாய்மொழி ஈரச் சேலையோடு நின்றாள். அழவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கொழுந்தன் தில்லைநாயகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

“தம்பி, இன்னொருக்கா பாரும்,” என்றாள் சொரிமுத்துவிடம்.

“மூணு தடவ பாத்துட்டேன் ஆச்சி. பத்து வருச சர்வீசு. என் காது பொய் சொல்லாது.”

தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே காரியத்தில் இறங்கினார். “ஊருக்குத் தந்தி கொடுக்கணும். தென்காசியில வேன் பேசணும். ஏலே, யாராவது கோடித்துணி எடுக்க ஓடுங்கலே.”

“ஒண்ணும் எடுக்காண்டாம்,” என்றாள் அவள். “சூடா ஒரு காப்பி சொல்லுங்க. அவுக எந்திச்சதும் கேப்பாக.”

சொரிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அதிர்ச்சியில் புத்தி பேதலித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். “ஆச்சியப் புடிச்சு உக்கார வையுங்க,” என்றார் தணிந்த குரலில்.

அவள் உட்காரவில்லை. விறுவிறுவென்று வந்து, அவர் காதில் மாட்டியிருந்த குழாயின் நுனியைப் பிடுங்கிப் புருஷனின் வலது மார்பில் வைத்து அழுத்தினாள்.

சொரிமுத்துவின் காதுக்குள் கொட்டு முழங்கியது.

“உசிரு இருக்கு. நல்லாவே அடிக்கி. இது எப்படி ஆச்சி?”

“அவுகளுக்குப் பொறவியிலயே வலப்பக்கந்தான்.”

“எனக்கே தெரியாதே மதினி. எங்க அம்மைக்கும் தெரியாதே. உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார் தில்லைநாயகம்.

குழல்வாய்மொழி ஈர முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இருவது வருசமா அங்கன தலை வச்சுப் படுக்கவளுக்கு யாரு சொல்லணும்?”