தந்தியில் வந்த சொல்

கோபித்துக்கொண்டு ஆம்பூருக்குத் தாய்வீடு போன மெஹ்ஜபீன் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. பெங்களூரில் தோல்பை தைக்கும் தஸ்தகீருக்கு மாமனாரிடமிருந்து ஆங்கிலத்தில் தந்தி வந்தது: "மெஹ்ஜபீன் எக்ஸ்பெக்டிங்." உருது மட்டுமே சரளமாகப் படிக்கத் தெரிந்தவன், ஆங்கில-உருது அகராதியில் எழுத்தெழுத்தாகத் தேடினான். 'இன்தெஸார்' என்று போட்டிருந்தது. காத்திருப்பது. பையைப் பாதித் தையலில் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தான்.

கதவைத் திறந்தவள், "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"நீ காத்திருக்கிறதா உங்க வாப்பா தந்தி அடிச்சிருக்காரே."

அவள் கான்வென்டில் படித்தவள். தந்தியை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள்.

"உங்களுக்காக இல்ல."

அவன் முகம் வாடுவதற்குள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஏழு மாசம் இருக்கு. உள்ள வாங்க, நீங்களும் காத்திருங்க."