தொட்டியடியில் ஒரு கூட்டம்

மேசை நடுங்கியதும் முதலில் எழுந்து ஓடியவர், "நம்ம ஊர்ல பூகம்பமாவது ஒண்ணாவது!" என்று ஒரு மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்த நகராட்சித் தலைவர்தான். கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டவில்லை.

அதுவரை கூட்டம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு வயது அறுபத்திரண்டு. தூண் விரிசலில் கை நுழையும். பூகம்பம் தாங்குகிற புதுத் தொட்டி வேண்டும் என்று உதவிப் பொறியாளர் நாலு வருஷமாக எழுதாத கடிதமில்லை.

இந்த முறையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று அவள், பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, தலைவரையும் மூன்று உறுப்பினர்களையும் தொட்டியின் அடியில் இருந்த மோட்டார் அறைக்கே வரவழைத்திருந்தாள். "ரோட்டுத் தூசி வருது சார்" என்று ஜன்னல்களைத் தானே சாத்தினாள். மோட்டார் இரைச்சலில் எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேசினார்கள்.

"அறுபது வருஷம் நின்னது, இன்னும் அறுபது வருஷம் நிக்காதா? ஏம்மா பயமுறுத்தற?" என்றார் தலைவர். "அந்தக் காசுல பூங்காவுல கலர் கலரா நீரூற்று வெச்சா நாலு பேரு வந்து பார்ப்பாங்க."

"பக்கத்துலயே பள்ளிக்கூடம் சார். இது விழுந்தா..."

"விழும்போது பார்த்துக்கலாம்."

உறுப்பினர்கள் மூவரும் ஆமாம் சாமி போட்டார்கள். அந்தப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகள். அதில் ஒன்று அவள் பெற்றது.

கைபேசியில் மணி பார்த்தாள். புதுத் தொட்டிக்கான ஒப்புதல் கோப்பைத் திறந்து வைத்து, பேனா மூடியையும் கழற்றினாள்.

அடுத்த நிமிடம் டீ டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேலிருந்து காரை பெயர்ந்து, தலைவர் எழுந்த நாற்காலியிலேயே தொப்பென்று விழுந்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று நான்கு பேரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள்.

வெளியே வந்தும் காலடியில் தரை அதிர்ந்துகொண்டேதான் இருந்தது. தலைவர் கார் கதவைப் பிடித்தபடி தொட்டியை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனை நாள் இதை இப்படியே விட்டு வெச்சது யாரும்மா?"

"நீங்கதான் சார்." கோப்பை நீட்டினாள்.

காரின் முன்பக்கத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டார். உறுப்பினர்களும் ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு போட்டார்கள். "அப்ப நீரூற்று?" என்று ஒருவர் இழுத்தார்.

"வாயை மூடுய்யா! உசுரு முக்கியமா, நீரூற்று முக்கியமா?"

கார் தெருமுனை தாண்டிப் பறந்தது. அவள் நாலு கையெழுத்தையும் ஒருமுறை சரிபார்த்தாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கைபேசியைக் காதில் வைத்தாள்.

"சித்தப்பா, போதும், பின்தெருவுல ஓட்டற ரோடு ரோலரை நிறுத்திடுங்க. கையெழுத்து வாங்கியாச்சு!"