வண்டி போகுமா?

"கட்டைய உள்ள தள்ளுங்க பாய். அதுதான் மொதல்ல கண்ணுல படுது" என்றான் ஒச்சப்பன்.

முகமது பாரூக் தன் கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் பின்சீட்டுக்கு அடியில் செருகினான். ஐந்து வயதில் வந்த காய்ச்சல் போகிறபோது இரண்டு கால்களையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. கைலியைப் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

லைசென்சு கேட்டு அவன் வந்து நிற்பது இது மூன்றாவது தடவை. முன் இரண்டு தடவையும் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கவே இல்லை, கட்டையைத்தான் பார்த்தார். "நடக்கவே வழியில்ல, ஓட்டப் போறியாக்கும்" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டி மெக்கானிக் ஒச்சப்பனின் கைவேலை. பட்டாளத்தில் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் மாட்டி, அதன்மேல் தோல் மூட்டை வைக்கப் பலகை சீட்டும் வெயிலுக்குத் தார்ப்பாய்க் கூரையும் போட்டிருந்தான். உதைக்கிற கிக்கரையும் மிதிக்கிற பிரேக்கையும் கைக்கு மாற்றியிருந்தான். அதைப் பழக பாரூக் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. வலது பக்கம் திரும்பக் கை நீட்டினால் ஆக்சிலேட்டர் விட்டுப்போகும், வண்டி இருமிக்கொண்டே நின்றுவிடும். மூன்று மாதமாக இதே மலைக்கோட்டை அடிவாரப் பொட்டலில் ஒச்சப்பன் அவன் முதுகில் கை வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்தக் கை இல்லாமல் பாரூக் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

வியாழக்கிழமைதோறும் அய்யலூர்ச் சந்தைக்குத் தோல் வாங்கப் போக வேண்டும். பஸ்ஸில் ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். "பாயைத் தூக்குங்கப்பா!" என்று கண்டக்டர் கத்துவார், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அந்தக் கத்தலை இனிமேல் கேட்கக் கூடாது. அதற்குத்தான் இந்த லைசென்சு.

"இன்னிக்கிப் புது இன்ஸ்பெக்டராம். ஆளு எப்படின்னு ஒருத்தருக்கும் தெரியல" என்றான் ஒச்சப்பன். "நான் ஆபீசுல போயிக் கூட்டியாரேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது பாய். போன தடவ எதுத்துப் பேசித்தான் காரியம் கெட்டுச்சு. சொன்ன பக்கம் திருப்புங்க, சொன்ன எடத்துல நிறுத்துங்க. 'சரிங்கய்யா', அம்புட்டுத்தான்."

"சரிங்கய்யா" என்றான் பாரூக்.

ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனான்.

அவன் தலை மறைந்து செத்த நேரம்கூட ஆகவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வேகவேகமாக வந்தார். பேண்டு, மூக்குக் கண்ணாடி, கையில் தோல்பை, சிரிப்பில்லாத முகம். அவன் அந்த வழி போக, இவர் இந்த வழி வந்துவிட்டார் போலிருக்கிறது. வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி போகுமா?"

"நல்லாப் போகுங்கய்யா."

"பிரேக்கெல்லாம் பிடிக்குமில்ல?"

"பிடிக்குங்கய்யா."

அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ம்… நேரா போ."

பாரூக் கிக்கரை இழுத்தான். வண்டி பொட்டலை விட்டு ரோட்டில் ஏறியது. முதுகில் ஒச்சப்பன் கை இல்லாதது குளிர்ந்தது.

"இடது பக்கம் திருப்பு."

"சரிங்கய்யா."

"மெதுவா, குலுக்காம போ."

"சரிங்கய்யா."

ரயில்வே கேட் மேட்டில் வெங்காய மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நின்றது. மேட்டில் நிறுத்தி எடுப்பது அவனுக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். மாடு நகருகிற வரைக்கும் வண்டி ஒரு சாண்கூடப் பின்வாங்கவில்லை. அல்லாவை நினைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினான், ஏறிவிட்டது.

"பரவாயில்லையே!" என்றது பின்னால் இருந்த குரல்.

பாரூக்குக்குக் காது குளிர்ந்துவிட்டது.

"அடுத்த சந்துல வலது பக்கம்."

கையை முன்கூட்டியே நீட்டிக் காட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான். வண்டி இருமவில்லை, திரும்பியது. மூன்று மாதத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் திரும்பியதே இல்லை.

எல்லாவற்றையும் விட ஒன்றுதான் அவனுக்கு ஆச்சரியம். மனிதர் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இப்படியும் ஒரு அதிகாரியா!

பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசலில், "நிறுத்து, நிறுத்து" என்றார் அவர்.

வீட்டில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார் போலிருக்கிறது. பாரூக் சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான்.

"பேப்பரெல்லாம் எதுக்குப்பா? எவ்வளவு ஆச்சுன்னு வாயால சொல்லு" என்று பர்சை எடுத்தார் அவர். "மெட்ராஸ்லதான் இந்த மூணு சக்கர வாடகை வண்டின்னு நெனச்சேன், நம்ம ஊருக்கும் வந்துருச்சே!"

இறங்கும்போது காலில் ஏதோ இடறியது. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவமே! எனக்கு முன்னால சவாரி வந்த ஆளு கக்கத்துக் கட்டையை மறந்து விட்டுட்டுப் போயிட்டாரு பாரு. இது இல்லாம எப்படி நடப்பாரு, தேடிப் பிடிச்சுக் குடுத்துருப்பா!"