எதிர்த்தரப்பு வக்கீல்

"கதவைத் திறக்கவே வேணாம்க்கா. அந்த ஆளு வந்திருக்காரு."

தங்கை ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்துச் சொன்னாள். வாசலில் அரசு வக்கீல் நின்றிருந்தார்.

சக்கர நாற்காலியில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கால் போய், பிறகு கை போய், இப்போது தலையும் நாக்கும் மட்டுமே அவள் சொன்னபடி கேட்டன. "தோத்தவர் வீடு தேடி வந்திருக்காரு. வாசல்லயே நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? திற."

போன வாரம்தான் தீர்ப்பு வந்திருந்தது. குணமாக வழியில்லாத நோயாளி தெளிந்த மனதோடு கேட்டால், மருத்துவரின் துணையோடு தன் உயிரை முடித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவள் அக்கா. வருடக்கணக்கில் அதை விடாப்பிடியாக எதிர்த்தவர் இவர்.

'அரசியல் சாசனம் ஒருவரை வாழ வைக்கத்தான் இருக்கிறது, வழியனுப்பி வைக்க அல்ல' என்று அவர் முழங்கியது எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில் வந்தது. 'ஒரு பல்லைப் பிடுங்கறதுக்குக்கூட என் சம்மதம் கேக்கறீங்களே, அப்ப இந்த உடம்பு யாரோடதுங்க?' என்று அக்கா கேட்டது ஒன்றில்கூட வரவில்லை.

வக்கீல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கறுப்பு அங்கி இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. கோர்ட்டில் காற்றை வெட்டி வெட்டிப் பேசும் கை அது.

"நோயாளி முன்னாடி பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு உக்கார்றதைப் பாரு. தோத்தும் திமிர் அடங்கலை" என்று சமையலறையில் பாத்திரங்களிடம் முறையிட்டாள் தங்கை. டீயைக் கொண்டுவந்து கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடவில்லை.

"தேதி குறிச்சாச்சாம்மா?"

"கல்யாணத்துக்குக் கேக்கற மாதிரி கேக்கறீங்களே சார்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சற்றுப் பொறுத்து, "டாக்டர் கேக்கும்போது ஒரு தடவை சரின்னு சொன்னாப் போதுமா?" என்றார்.

"ரெண்டு டாக்டர் தனித்தனியா வந்து கேப்பாங்க. கடைசி நிமிஷத்துலகூட வேணாம்னு சொல்லலாம். தீர்ப்புலயே இருக்கே?"

"வீட்ல இருக்கறவங்க ஒத்துக்கலைன்னா?"

"அக்கா, வாயைக் குடுக்காதே!" உள்ளேயிருந்து தங்கை கத்தினாள். "அப்பீலுக்குப் பாயிண்ட் எடுக்கறாரு!"

வக்கீல் கோபப்படவில்லை. "அரசாங்கம் அப்பீல் போறது நிஜம்தான்மா. பேப்பரெல்லாம் தயாராயிட்டிருக்கு."

"நான் சொல்லலை?" என்றது சமையலறை.

"போகட்டும்டி" என்றாள் அக்கா. பிறகு அவரைப் பார்த்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா சார்? நான் தேதியே குறிக்கலை. குறிக்கிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை" என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கைக்கே அது புதுச் செய்தி. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அதைக் கேட்கத் துணிவில்லாமல்தான் அவள் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சண்டை போட்டு ஜெயிச்ச பிறகுமா?" வக்கீல் நிமிர்ந்தார்.

"நான் கார் ஓட்டக் கத்துக்குடுத்தவ சார். அந்த வண்டில எங்க கால் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பாதி நாள் அதைத் தொடவே மாட்டோம். ஆனா அது இல்லாத வண்டில, புதுசா கத்துக்கறவங்க பக்கத்துல யாரு உக்காருவா? தீர்ப்பு வந்த அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். இப்பல்லாம் காலைல எழுந்தா வெயிலைப் பார்க்கவே நல்லாயிருக்கு."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றாள்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப, அப்பீல்ல அந்த பிரேக்கைப் பிடுங்கிடக் கூடாது."

"பிடுங்கப் போறதே நீங்கதானே!" என்றாள் தங்கை.

"நான் இல்லம்மா. அரசு வக்கீல் வேலையை நேத்தே விட்டுட்டேன். இனிமே..." சொல் சிக்கியது. "இனிமே உங்க பக்கம் என்னையும் சேர்த்துக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்குத்தான் வக்கீல் இருக்காரே சார்" என்றாள் அக்கா, குறும்பு குறையாமல். "அதுவும் உங்களையே ஜெயிச்ச வக்கீல். அவரை விட்டுட்டு உங்களை வெச்சுக்கறதாவது!"

அவரும் சிரிக்கத்தான் முயன்றார்.

"வக்கீலா இல்லம்மா. நோயாளியா."