மீன் முத்திரை

கொல்லர் சங்கத்துப் பட்டறையில், மேசைமேல் ஒரு பழைய இரும்பு முத்திரை இருந்தது. அந்தக் காலத்தில், சங்கத்துப் பெரியவர்கள் தேறியது என்று சொன்ன அருவாளில் மட்டும்தான் அது மீன் சின்னம் குத்தும். இப்போது காகிதம் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தார்கள். அதுவும் யார் பதித்த காகிதம்? அதே மீனைச் சுமந்துகொண்டு புதிதாய் வந்த ரப்பர் முத்திரை பதித்தது!

"நாளுக்கு நூறு தடவை உன்னைக் கையில எடுக்கிறாங்க. தொட்டா அழியற மீனைப் பதிக்கிற பய நீ!" என்று பொருமியது இரும்பு.

"நான் என்ன செய்ய அண்ணே, கூப்பிட்டா போறேன்," என்றது ரப்பர்.

அந்தப் பணிவைக் கேட்டு இரும்புக்கு இன்னும் வயிறெரிந்தது. இவன் காகிதமெல்லாம் பறந்து போகட்டும் என்று உருண்டு விழுந்து, பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. செயலாளர் காகிதங்களைப் பொறுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்தார்.

மறுநாள் கொல்லரிடம் அருவாள் வாங்கப் பூவாத்தா வந்தாள். "எங்க மாமியார் அருவா மாதிரியே மீன் குத்தித்தான் வேணும், ஆசாரியாரே."

உலையில் அருவாள் பழுத்தது. இரும்பு முத்திரையை எல்லாரும் தேடினார்கள்.

"இங்கே இருக்கேன், சாமி!" என்று பீரோக் காலில் சிக்கி வெளியே வர முடியாமல் இரும்பு கத்தியது. ரப்பரும் சேர்ந்து கத்தியது. மனுசர் காதில் அது விழுமா? பழுத்த அருவாள்தான் எத்தனை நேரம் பொறுக்கும்? ஆறிப்போனது.

கடைசியில் ரப்பரை வைத்து அழுத்தினார்கள். ஊதா நிறத்தில் மீன் விழுந்தது. பீரோவுக்கு அடியிலிருந்து இரும்பு பார்த்துக்கொண்டிருக்க, பூவாத்தா அருவாளை ஒரு தடவை துடைத்தாள்.

மீன் முந்தானைக்கு வந்துவிட்டது.